இரண்டு நாற்பத்தொன்பது

தொண்ணூறு பேர் என்று சொன்னார்கள்.
பேர் எனக்கு ஒன்றும் தெரியாது.
வலைப்பையில் கோத்த தகட்டில்
எண்தான் இருக்கும். நான் துவைப்பது எண்ணைத்தான்.

விஸ்கான்சினில் ஆகஸ்ட்.
கல்லூரிப் பிள்ளைகள் ஊருக்குப் போன விடுதியில்
கட்டிலுக்கு வெளியே காலை நீட்டித் தூங்குகிற
முந்நூறு பவுண்டு ஆட்கள்.
காலையில் எடை, மாலையில் எடை.
நடுவில் காணாமல் போகும் ஏழு பவுண்டு
என் இயந்திரத்துக்கு வந்து சேரும்.

செப்டம்பருக்குள் ஐம்பத்துமூன்று ஆக்க வேண்டும்.
பள்ளிக்கூடத்தில் என்றால்
மிச்சம் முப்பத்தேழு என்று எழுதிவிட்டுப்
பக்கத்தைத் திருப்பலாம்.
இங்கே அந்த முப்பத்தேழும்
காலுறை மாற்றிக்கொண்டு
காலைச் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கிறது.

இத்தனை பேருக்கு எண்கள் போதவில்லை.
ஆகவே ஒரே எண்ணில் இருவர்:
பந்தோடு ஓடுகிற பக்கம் ஒருவன்,
ஓடுகிறவனை வீழ்த்துகிற பக்கம் ஒருவன்.
நாற்பத்தொன்பது, கீலன் ப்ரூசார்ட், லூசியானா.
கொக்குக் கால். இரண்டு விரல் எப்போதும்
சேர்த்துக் கட்டியிருக்கும்.
நாற்பத்தொன்பது, விலியாமி தௌஃபா, யூட்டா.
கழுத்து என்று தனியாக ஒன்று கிடையாது.

தௌஃபாவின் பையில் ஒரு சிவப்பு நூல் கட்டினேன்.
அப்படியும் ஒருநாள் மாறிப்போய்
தௌஃபாவின் கால்சட்டையை இடுப்பில் பிடித்தபடி
நீராவிக்குள் வந்து நின்றான் ப்ரூசார்ட்.
"மேடம், இதில் என் குடும்பமே குடியிருக்கலாம்."

தேர்வு நாளில் பேர் கூப்பிடப்படாதவர்கள் இருவரும்.
பெரிய சம்பளக்காரர்கள்
பனிக்கட்டித் தொட்டிக்குப் போன பிறகு
சோளக்காட்டை ஒட்டிய மைதானத்தில்
ஒருவன் ஓடுவான், ஒருவன் துரத்துவான்.
கொசு யாரையும் ஒதுக்கவில்லை.

முகாம் கலைந்து நகரத்துக்கு வந்தோம்.
மூன்றாவது ஒத்திகை ஆட்டம்.
பந்தை உதைத்துவிட்டு ஓடுகிற பதினொருவரில்
யாரோ கைகாட்ட
இருவருமே உள்ளே போய்விட்டார்கள்.
ஒரே எண் இரண்டாக நிற்பது விதியில் இல்லை.
மஞ்சள் துணி விழுந்தது.
"குற்றம், நாற்பத்தொன்பது" என்றது ஒலிபெருக்கி.
எது என்று சொல்லவில்லை.
மறுநாள் அந்தக் காட்சியை
மூன்று தரம் ஓட்டிக் காட்டினாராம் பயிற்சியாளர்.
எல்லோரும் சிரித்தார்களாம்.
அந்த இருவரும்தான் சத்தமாகச் சிரித்தார்களாம்.

ஹால்வர்சன் மோசமான ஆள் இல்லை.
என் பிறந்தநாள் அவருக்கு நினைவிருக்கும்.
தோளைத் தொட்டு, "பயிற்சியாளர் கூப்பிடுகிறார்,
டேப்லெட்டையும் எடுத்துக்கொள்" என்று சொல்வது
அவருக்குக் கொடுத்த வேலை.
அந்த வாரம் அவர் உள்ளே நுழைந்தால்
எல்லோருக்கும் ஒரே நேரத்தில்
ஷூ கயிறு அவிழ்ந்துவிடும்.

செவ்வாய்க்கிழமை என் அறைக்கே வந்தார்.
"நாற்பத்தொன்பது எங்கே?"
"எந்த நாற்பத்தொன்பது?"
தாளைப் பார்த்தார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு
மறுபடி பார்த்தார்.
உலர்த்தி சுற்றிக்கொண்டே இருந்தது,
உள்ளே ஏதோ பொத்தான் டிக் டிக் என்று.
"சிவப்பு நூல்" என்றார்.
அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை.

தௌஃபா பையைத் திருப்பித் தர வந்தான்.
உள்ளே ஒரு ஜோடி அழுக்குக் காலுறை,
மடித்து வைத்திருந்தான்.

அன்றிரவு ப்ரூசார்ட் ஐம்பத்துமூன்றாவது ஆள்.
அம்மாவிடம் போனில் சொன்னான்.
வைத்துவிட்டு, மறுபடி எடுத்து, மறுபடி சொன்னான்.
ஆற்றங்கரையில் வாடகைக்கு
ஒரு வீட்டின் படம் என்னிடம் காட்டினான்.
இரண்டு சன்னல், ஒரு பச்சைக் கதவு.

புதன் மதியம்
வேறொரு அணி கழித்த ஒருவனை
இவர்கள் கூட்டிக்கொண்டார்கள்.
கூட்டினால் கழித்தாக வேண்டும்.
இந்தமுறை ஹால்வர்சன் வந்து கேட்டபோது
எது என்று கேட்க எனக்கு வேலை இல்லை.

புதியவன் மாலை விமானத்தில் வந்தான்.
எந்த எண் வேண்டும் என்றார்கள்.
சும்மா கிடப்பது எதுவானாலும் என்றானாம்.

சிவப்பு நூல் ஒரு மாத சோப்பில் வெளுத்திருந்தது.
அவிழ்க்கப் பார்த்தேன்.
ஈரத்தில் முடிச்சு இறுகிப்போயிருந்தது.
பையை அப்படியே கொடுத்தேன்.
"இது என்ன?" என்று நூலைத் தொட்டுக் கேட்டான்.