இருபத்தைந்து விநாடி

இராஜகிரியவில் ஒன்பதாம் மாடி.
வாசலில் கம்பனிப் பெயர் இல்லை.
காவலுக்கு நிற்கும் சமரவீரவுக்கும் தெரியாது
மேலே நாங்கள் என்ன செய்கிறோமென்று.
'கோல் சென்டர் தானே மிஸ்?' என்பார்.
ஓமென்று விடுவேன்.
ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

ஒரு பதிவுக்கு இருபத்தைந்து விநாடி.
விடு, தூக்கு, மேலே அனுப்பு.
இரவு முறையில் தமிழ் வாசிக்க ஆறு பேர்.
தமிழில் ஏசுபவர்கள் உலகத்தில் எத்தனை பேரென்று
எங்களை வேலைக்கெடுத்தவர்கள் யாரிடமும் கேட்கவில்லை.

முதலில் மெஷின் வாசிக்கும்.
மெஷினுக்குச் 'சுடு' என்றால் துவக்கு.
வவுனியாவில் ஒருத்தி
விடிய எழும்பி முப்பது தோசை சுட்டேன் என்று எழுத
சிவப்புக் கோடு போட்டு எனக்கு அனுப்புகிறது:
வன்முறை. எண்ணிக்கை முப்பது.

சிரித்தேன்.
சிரித்ததில் நாலு விநாடி போனது.

தெமட்டகொடைக் கடைக்காரன் ஒருவன்
'இண்டைக்கு இரவு வாங்கோ, கொத்தித் தாறன்' என்றதற்கு
மூன்று நாள் முடங்கிக் கிடந்தான்.
அவனையும் அவிழ்த்துவிட்டேன்.
'பார்த்து,' என்றான் பக்கத்து மேசை முஸ்னி,
'நீங்கள் அதுக்குத் தோசையை விளங்கப்படுத்துறீங்கள்,
அது உங்கட சம்பளத்தை விளங்கிக்கொள்ளுது.'

பிறகு அந்த வரி வந்தது.
'அவளுக்கு ஒரு மாலை போட ஆசை.
வீட்டு விலாசம் ஆரிட்ட இருக்கு?'
மெஷின் கல்யாணமென்று நினைத்தது.
பச்சை.
நானூறு பேர் சிரித்திருந்தார்கள்.
ஒருவன் விலாசத்தையே போட்டிருந்தான்:
பாமன்கடை, எங்கள் ஒழுங்கைக்கு அடுத்தது, மூன்றாவது கேற்.

அவள் செய்ததெல்லாம் இதுதான்:
மூன்று மாதமாகச் சம்பளம் தராத கார்மென்ட் ஒன்றைப்
பெயர் சொல்லி எழுதினாள்.
அவளது பதிவு முதல் நாளே காணாமற் போயிற்று,
'நிறுவனத்தின் நற்பெயர்' என்ற காரணத்தோடு.
நிறுவனத்துக்குப் பெயர் இருக்கிறது, நற்பெயர் இருக்கிறது,
புகார் கொடுக்கத் தனிக் கதவும் இருக்கிறது.

மேலே அனுப்பினேன்.
மேலே என்றால் எங்கே என்று எனக்குத் தெரியாது,
ஒன்பதாம் மாடிக்கு மேல் தண்ணீர்த் தாங்கிதான்.
நாலாம் நாள் பதில்:
எமது சமூகத்தின் விதிகளை இது மீறவில்லை.

எமது சமூகம்.
ஒரு செத்தவீட்டில் ஒரு கதிரை தூக்கிப் போட்டிருப்பார்களா
இதை எழுதியவர்கள்?

அந்தப் பதிவின் கீழே விளம்பரமொன்றும் ஓடியது:
கேற்றுக்குப் பூட்டு, இருபது வீதக் கழிவு.
எனக்கென்னவோ இதை யாரும் திட்டமிடவில்லை என்றே படுகிறது.
திட்டமிட்டிருந்தால்
கோபப்படவாவது ஓர் ஆள் கிடைத்திருக்கும்.

நான் மட்டும் யோக்கியமோ? இல்லை.
காலை பஸ்ஸில் என் பெருவிரல் தானாக மேலே தள்ளும்.
அன்றைக்கும் யாரோ நடிகையின் விவாகரத்தில்
இறங்குமிடத்தைத் தவறவிட்டுத்தான்
அடுத்த ஒழுங்கையால் நடந்து வந்தேன்.

மூன்றாவது கேற்.
பூட்டுப் புதிது, விலைச் சீட்டு இன்னும் உரியவில்லை.
சாய்த்து வைத்திருந்தார்கள் மலர்வளையத்தை,
வெள்ளைச் செவ்வந்தி, ஊதா நாடா.
நாடாவில் பெயர் எழுதுமிடம் வெறுமை.

மேல் யன்னலில் திரைச்சீலை அசைந்தது.
அல்லது காற்று.
வளையத்தைத் தூக்கினேன். நினைத்ததை விடப் பாரம்,
வைக்கோலுக்குள் தண்ணீர்.
கையைத் தட்டி, யன்னலைப் பார்த்து,
'அக்கா, நான் பக்கத்து ஒழுங்கை' என்றேன்.
வேறொன்றும் சொல்லத் தெரியவில்லை.

சந்தியில் ஆட்டோக்காரர் வேகத்தைக் குறைத்தார்.
'ஆற்ற செத்தவீடு, மிஸ்?'

ஈரம் முழங்கை வரை வழிந்தது.
மீற்றர் போடாமல் அவர் காத்திருந்தார்.
இருபத்தைந்து விநாடி எப்போதோ போய்விட்டது.