ஏழாம் வரப்பு வரை

மண்டியிலிருந்து மணியடிக்கும்போதெல்லாம்
நான் தொட்டிக்குள் நிற்பேன்.
விடிகாலை ஐந்து.
கேரட் கழுவும் தண்ணீர்
முழங்காலுக்குள் ஊசி கோக்கும்.
ஒன்பது வரப்பு ஏறி
சேற்றுக்கையால் எடுத்தால்
வெறும் கொர்ரென்ற சத்தம்.
நான் எடுக்காத நாளில்
மண்டி வைத்ததே விலை.
போன ஐப்பசியில்
நாற்பது மூட்டை அப்படித்தான் போயிற்று.

பாலாடாவுக்குக் கீழே எங்கள் குழியில்
செல்போன் ஒரு கைக்கடிகாரம்,
அவ்வளவுதான்.

ஊட்டிக்குப் போய் ரசீதோடு வாங்கினேன்
கயிறு இல்லாத போனை.
அடியில் சர்க்கார் ஒப்புதல் எண் ஒட்டியிருந்தது.
பெட்டியிலிருந்த தாளைப் பெள்ளி
எழுத்துக்கூட்டி வாசித்தார், பஞ்சாங்கம் மாதிரி:
முதல் தடவை பதினாறு மணி நேரம் சார்ஜ்.
ஜன்னலோரம், உயரமான இடம்.
மிக்சிக்கும் டிவிக்கும் பக்கத்தில் வேண்டாம்.
திறந்த வெளியில் முந்நூறு மீட்டர்.

மூடுபனி திறந்த வெளியா
என்பது தாளில் இல்லை.

அந்தப் பதினாறு மணி நேரத்தில்
கரண்ட் நாலு தடவை போனது.
நாலு தடவையும் அவர்
ஒன்றிலிருந்து எண்ணினார்.

மறுநாள் அவர் வீட்டில், நான் நிலத்தில்.
கேக்குதா? கேக்குது.
கேக்குதா? கேக்குது.
உருளைக்கிழங்கு தாண்டி, பீன்ஸ் பந்தல் தாண்டி
ஏழாம் வரப்பில் கரகரத்தது.
எட்டில் கால் வைத்ததும்
என் புருஷன் பாதிச் சொல்லில் அறுந்தார்.
தொட்டியோ ஒன்பதில்.

அப்போதுதான் அலமாரிக்கு மேலிருந்த பெட்டி
ஞாபகத்துக்கு வந்தது.
நியூஜெர்சியிலிருந்து தம்பி ஆல்துரை
கொண்டுவந்து தந்தது. கறுப்பு, கனம்.
தொட்டியென்ன, ஓடைக்கு அப்பாலும்
எட்டும் என்றிருந்தான்.

லைன்மேன் சதானந்தன் அதைத்
திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"இது அந்த நாட்டு அலைவரிசை.
இங்கே அதைச் செல்போன்காரனுக்கு எழுதிக் கொடுத்தாச்சு.
இதை ஓட்டினா குத்தம், அக்கா."
பிறகு முத்தோரைப் பக்கம் தாடையை நீட்டினார்,
மலைச்சரிவில் நீளமாய்ச் சாய்ந்திருக்கும்
கம்பிச் சட்டங்களின் பக்கம்.
"அங்கே நட்சத்திரத்துக்குக் காது வெச்சு
உக்காந்திருக்காங்க.
நீங்க குறுக்கே போய்
கேரட் விலை பேசாதீங்க."

சரி என்று சொல்லித்தான் அனுப்பினேன்.
ஆனாலும் ஒரு செவ்வாய் ராத்திரி,
பெள்ளி தூங்கின பிறகு,
சொருகிப் பார்த்தேன்.
டப்.
கருகின பிளாஸ்டிக் வாடை.
அமெரிக்காவில் நூற்றிப்பத்து வோல்ட்டாம்.
சட்டத்தை மீறுவதற்கு முன்பே
செத்துப்போனது பாவம்.
ஜன்னலைத் திறந்து புகையை விட்டேன்.
வெளியே அத்தனை நட்சத்திரம்.
எதற்கும் என்னைப் பற்றித் தெரிந்த மாதிரி இல்லை.

காலையில் ஏழாம் வரப்பில்
சுண்ணாம்பு பூசி ஒரு கல் நட்டேன்.
இப்போது ஐந்து மணிக்கு அங்கேதான் நிற்கிறேன்,
சாக்கைத் தலையில் கவிழ்த்து,
போனைப் பால் கவருக்குள் போட்டு.
கீழே தொட்டியில் புஷ்பலீலா
கழுவிக்கொண்டிருப்பாள்.

மேட்டுப்பாளையத்திலிருந்து காஜா மைதீன்
முதல் தடவை சொன்னார்: "இருபத்தெட்டு.
வரத்து ஜாஸ்திம்மா, தாங்காது, மாலூர் கேரட் வேற..."
கோபத்தில் இரண்டு எட்டு
கீழே இறங்கிவிட்டேன். சத்தியமாய்
தெரியாமல்தான் இறங்கினேன்.
லைன் செத்தது.
ஏறி வந்தால் மறுபடி மணி:
"என்னம்மா வெச்சுட்டீங்க? சரி, முப்பத்தொண்ணு."

அன்றைக்குச் சாயங்காலம்
கல்லுக்கு இன்னொரு பூச்சு சுண்ணாம்பு.

ஒப்புதல் எண் உண்டு. ரசீது உண்டு.
யாருடைய அலையையும் நான் தொடவில்லை.
காஜா மைதீன் நேற்றும் சலித்துக்கொண்டார்:
"உங்க லைனைக் கொஞ்சம்
சரி பண்ணச் சொல்லுங்கம்மா."
கம்ப்ளெயின்ட் கொடுத்திருக்கேன் பாய் என்றேன்,
எட்டாம் வரப்புக்கு
ஒரு காலை நீட்டியபடி.