கழுத்திலிருந்து

முதலில் எனக்குக் கிடைத்த முகம் தம்பியுடையது.
இருநூறு ரூபாய் ரீலோடுக்காகக் கஜிந்தன்
ஒன்றரை மணி நேரம் அசையாமல் இருந்தான்.
ஒரு கண் முடிந்து மற்றக் கண் தொடங்குமுன்
வாசலில் ஹோர்ன் அடித்தார்கள்.
அப்படியே எழும்பிப் போய்
கல்லடிக் கடற்கரையில் கிரிக்கெட் அடித்துவிட்டு வந்தான்.
வேர்வையிலும் உப்புக் காற்றிலும் கலையாத
அந்த ஒற்றை இமைதான்
என் முதல் விளம்பரம்.

சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டினேன்.
அம்மாவின் சீட்டுக்காசு
வட்ட விளக்காகவும், பதினொரு தூரிகையாகவும்,
சக்கரம் வைத்த ஒரு பெட்டியாகவும் மாறியது.
நகரத்துக் கடையில் பவுண்டேஷன் மூன்று நிறத்தில் இருந்தது.
மூன்றாவதின் பெயர் நேச்சுரல்.
முழங்கையில் தடவிப் பார்த்தேன்:
வெற்றிலை போட்ட யாரோ
சுண்ணாம்பு விரலைத் துடைத்துவிட்டுப் போனது மாதிரி.
"இதுதான் புள்ள ஓடுது" என்றார் கடைக்காரர்.

ஆவணியில் களுவாஞ்சிகுடிக் கலியாணம்.
விடிய மூன்று மணிக்கு ஆட்டோ.
பெண் நிலுக்சி, வயலுக்குப் போய்வரும் தகப்பனின்
அதே நிறம், அதே நெற்றி.
மாமிக்காரி என் காதுக்குள் வந்தாள்:
"கொஞ்சம் வெள்ளையாக்கி விடுகா,
மாப்பிள்ளப் பகுதி பாக்கும்."
நான் தலையாட்டினேன்.
அந்தத் தலையாட்டலைத்தான்
பிறகு பல இரவுகள் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

நாலே முக்காலுக்குக் கரண்ட் போனது.
மூன்று பேர் போன் வெளிச்சம் பிடிக்க
உதட்டை முடித்தேன்.
"சிலை மாதிரி" என்றார்கள்.
சிலை மாதிரியேதான்.

படம் வந்தது.
பிளாஷ் பட்ட முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது.
தாலி ஏறிய கழுத்து ஒருத்தியுடையது,
அதற்கு மேலே குனிந்திருந்தவள் வேறொருத்தி.
நிலுக்சி ஏசவில்லை. போனில் சொன்னாள்:
"அக்கா, அல்பத்த விரிச்சு வெச்சுக்கிட்டு
அப்பா என்னத் தேடுறார்."

பாதிக் காசைத் திருப்பிக் கொடுத்தேன்.
மற்றப் பாதி ஏற்கெனவே
ஆட்டோவுக்கும் ஒட்டு இமைக்கும் போயிருந்தது.

மூன்று மாதம் யாரும் கூப்பிடவில்லை.
வட்ட விளக்கில் கஜிந்தன் சட்டை காயப் போட்டான்.
நான் பஸ்ஸில் பின்சீட்டில் இருந்து
பெண்களின் கழுத்தைப் பார்க்கத் தொடங்கினேன்.
வறுத்த கச்சானின் தோல்.
மழை விட்ட பிறகு வாவிக்கரை மண்.
ஒருத்தி புழுங்கல் நெல்,
ஒருத்தி, எதைச் சொல்ல,
இரவு பாலத்தில் நின்று பார்த்தால் தெரியும் தண்ணீர்,
உள்ளே ஒரு நீலம் இருந்தது.
இவர்கள் ஒருவருக்கும் கடையில் போத்தல் இல்லை.
வீட்டுக்கு வந்து பீங்கான் மூடியில்
நேச்சுரலோடு புருவ மாவைக் குழைத்தேன்,
சிவப்பு ஒரு துளி, மஞ்சள் ஒரு துளி.
கொப்பியில் அளவு எழுதி வைத்தேன்.
பதினாலாவது கலவை பிழைக்கவில்லை.

மார்கழி மழையில்
ஏறாவூருக்கு முதல் பஸ்.
வந்தாறுமூலையில் ஷிப்னாவுக்குப் பட்டமளிப்பு.
அறைக் கதவைச் சாத்திவிட்டு
முக்காட்டை எடுத்தாள்.
நான் விளக்கைத் திருப்பி
கழுத்தில் முதல் கோட்டை வைத்தேன்.

"கழுத்த ஆர் பாக்கப் போறாங்க?
எப்படியும் மூடித்தானே போவன்."

"நான் பாக்கணும்" என்றேன்.

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.
மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது.
பதினாலாவது கலவையில் இன்னும் கொஞ்சம் சிவப்புச் சேர்த்தேன்.
கழுத்திலிருந்து தாடைக்கு, தாடையிலிருந்து கன்னத்துக்கு
எங்கும் எல்லை விழாமல் ஏறி வந்தேன்.

கண்ணாடியைக் கொடுத்தபோது
இடமும் வலமும் திரும்பிப் பார்த்தாள்,
அடையாள அட்டையைச் சரிபார்க்கும் ஆள் மாதிரி.
"ம், நான்தான்" என்றாள்.

பிறகு
ஐந்நூறு ரூபாய் குறைக்கச் சொல்லி
வாசல் வரைக்கும் பேரம் பேசினாள்.