ஏழாவது கிளாம்ப்

கரடிப்போக்குச் சந்தி, லம்போதரனின் இரும்புக்கடை.
கைப்பையில் பதினாலாயிரம் ரூபாய்.
ஜீ கிளாம்ப் ஒன்றைத் தூக்கி மேசையில் வைக்கிறார்.
திருகிப் பார்க்கிறேன்.
மரை கரகரக்கிறது,
பாதி வழியில் வாய் கோணுகிறது.
"இது பலகையில வட்டமாய்க் கடிக்கும்."
"கடிக்காத கிளாம்ப் பிடிக்காது, தங்கச்சி."

அவருக்குத் தெரிந்தது இரும்பு.
முதிரைக்கு ஒருக்கால் தழும்பு விழுந்தால்
சீவுளி எத்தனை தரம் போய்வர வேண்டும் என்பது
என் தோளுக்குத்தான் தெரியும்.

எஃப் எழுத்தைப்போல் நிற்பதைக் காட்டினார்.
கம்பியில் சறுக்கி வருகிறது, வடிவான சாமான்,
கதிரைக்கால் ஒட்டப் போதும்.
என் மேசையோ நாலடி அகலம், எட்டடி நீளம்.
மாங்குளம் மாதர் சங்கத்தில்
பதினாறு பேர் சுற்றியிருந்து
சீட்டுக்காசு எண்ணுகிற மேசை.
மூன்றடிக் கம்பி அதில் எங்கே போய்ச் சேரும்?

கடைசியாக ஒரு மட்டைப்பெட்டி.
உள்ளே தலையும் வாலும் மட்டும்.
உடம்பை நீயே தேடிக்கொள்:
முக்கால் இஞ்சிப் பைப், எவ்வளவு நீளமும்.
சோடி இரண்டாயிரத்து முந்நூறு.
ஒன்றரைச் சாணுக்கு ஒன்று என்றால் ஏழு வேண்டும்.
ஆறு வாங்கினேன்.
மிச்சம் இருநூறு, பஸ்ஸுக்கு.

உடம்பு வீட்டிலேயே கிடந்தது.
குடியேறின வருசம்
பொதுத் தாங்கியிலிருந்து எங்கள் வேலிவரை ஓடின பைப்.
தாங்கி வெடித்தபிறகு
அதில் பாகல்தான் படர்ந்தது.
பாகலைக் கழற்றிக் கிடுகில் விட்டேன்.
யேசுராசா வெல்டிங் கடையில் மரை வெட்டித் தந்தான்,
காசுக்குப் பதில் ஒரு ஸ்டூல் கேட்டான்.

பலகை ஐந்து.
மூன்றாவதை ஒட்டுசுட்டான் ஆலையில் அறுத்தபோது
வாள் அலறியதாம், பல்லு இரண்டு போயிற்றாம்,
அதற்கும் என்னிடம்தான் காசு.
புளியங்கொட்டை அளவில் ஓர் இரும்பு.
சுற்றிக் கறுப்பு.
அதை அண்டியதும் வைரக்கோடுகள்
ஆற்றில் கல்லைக் கண்ட தண்ணீராய் விலகி,
அப்பால் போய் மறுபடி ஒன்றாகின்றன.
மரை இல்லை, கைபிடி இல்லை.
பதினைந்து மாரி
மரம் அதை இறுக்கி வைத்திருந்திருக்கிறது.

சங்கத் தலைவி சோதிமலர் அக்கா வந்தா.
நகத்தால் சுரண்டினா.
"எடுத்தால்?"
"ஓட்டை விழும்."
"அப்ப விடு. கீழ்ப்பக்கம் திருப்பிப் போடு,
மேல இருந்தால் சீட்டுக் கொப்பி கிழியும்."
கொஞ்சம் கழித்து,
"அந்தப் பலகை என்ர கதிரைக்கு நேரே வரட்டும்."

ஒட்டுவதற்கு இரவுதான்.
பகல் வெயிலில் பசை ஆடைகட்டிவிடும்.
ஒன்று மேலே ஒன்று கீழே என்று பைப்பை மாற்றி மாற்றி,
இல்லாவிட்டால் மேசை ஓடம்போல் வளையும்.
விளிம்பெல்லாம் கடுகு கடுகாய்ப் பசை எட்டிப் பார்த்தது.
"இன்னும் ஒரு முறுக்கு," என்றார்
கையில் டோர்ச்சுடன் அற்புதன்.
"பசை முழுக்க வெளியால வந்தால்
எதை வைச்சு ஒட்டுறது?
நீங்கள் வெளிச்சத்தைப் பிடியுங்கோ."

இரும்பு படுகிற இடமெல்லாம் பாண் பை வெட்டி வைத்தேன்.
ஈரப்பசையும் இரும்பும் முதிரையில் தொட்டுக்கொண்டால்
கறுத்துப்போகும்,
மூன்றாம் பலகையில் இருக்கும் அதே கறுப்பு.
ஏழாவது இடத்துக்கு
மாட்டுக்கயிறும் ஒரு விறகுக்கட்டையும்.
முறுக்க முறுக்கக் கயிறு முனகியது,
ஆனால் பிடித்தது.

விடியக் கழற்றினேன்.
ஓரிடத்தில் பை நழுவியிருக்கிறது.
பெருவிரல் அகலக் கறை.
சீவினேன், ஒரு நூல் ஆழத்தில் போய்விட்டது.
பலகையைப் புரட்டினேன்.
அங்கே சீவவில்லை.

கயிறு கட்டின இடத்தில் மயிரிழை அளவு இடைவெளி.
கடதாசி நுழையாது,
என் கண் நுழைகிறது.
லம்போதரனுக்குப் போன் எடுத்தேன்:
"அண்ணை, அந்தத் தலையும் வாலும்
இன்னும் ஒரு சோடி எடுத்து வையுங்கோ.
காசு சீட்டு விழட்டும்."