அறையில் விட்டுச் செல்லும் தாள்

உன் பெயர் தெரியாது.
பெண் என்று மட்டும் சொன்னாள் வீட்டுக்காரி தனித்சா,
வெள்ளிக்கிழமை விமானத்தில் வருகிறாய் என்றும்.
புந்தா அரேனாஸுக்கு யாரும் வழிதவறி வருவதில்லை.
வரைபடத்தில் இதற்குக் கீழே அதிகம் ஒன்றுமில்லை.
ஆகவே தெரிந்துதான் வருகிறாய்.

ஸ்பானிஷில் எழுதுகிறேன், பிழை இருக்கும்.
உனக்குத் தெரிந்ததும் பிழையான ஸ்பானிஷாகத்தான் இருக்கும்.
பொருந்திப் போகும்.

முதலில் அடுப்பு.
குமிழை அழுத்திப் பிடித்து இருபது எண்ணு.
பத்தொன்பதில் விட்டால் அணைந்துவிடும்.
நான் ஒரு மாதம் பத்தொன்பதில் விட்டேன்.
எந்த மொழியில் எண்ணினாலும் பற்றிக்கொள்ளும்.
ஜன்னலில் ஒரு விரற்கடை இடைவெளி வை,
குளிர் வரட்டும்.
மூடிய அறையில் எரியும் அடுப்பு
தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

ரொட்டியை எண்ணிக் கேட்காதே, நிறுத்துத்தான் தருவார்கள்.

"பதினொன்றுக்கு வா" என்று யாராவது அழைத்தால்
அது மாலைத் தேநீர்.
ஏன் அந்தப் பெயர் என்று கேட்டேன்,
ஆளுக்கொரு கதை சொன்னார்கள்.
நான் காலை பதினொரு மணிக்கே
வாழைக்காய் வறுவலோடு போய் நின்றேன்.
எலியெசெரின் மனைவி
ஈரத் தலையில் துண்டோடு கதவைத் திறந்தாள்.
திருப்பி அனுப்பவில்லை.
உருளைக்கிழங்கு உரித்தேன்,
அவர்கள் கல்யாணப் படங்களை இரண்டு தடவை பார்த்தேன்,
எட்டு மணி வரை அங்கேதான்.
நேரம் தப்பிப் போனதால்தான்
இந்த ஊரில் எனக்கு ஒரு வீடு பழக்கமானது.

"அல் தீரோ" என்றால் உடனே என்று அகராதி சொல்லும்.
அகராதி எந்தக் குழாய் ரிப்பேர்க்காரனுக்கும் காத்திருந்ததில்லை.

குடியேற்ற அலுவலகம் எட்டரைக்குத் திறக்கும், ஏழுக்கே நில்.
ஜூன் மாதமானால் நடுநிசி போல இருக்கும்,
பயப்படாதே.
அப்போதெல்லாம் சூரியன் பத்து மணிக்குத்தான் வேலைக்கு வரும்.
இரண்டாவது குடும்பப் பெயர் கேட்பார்கள்.
ஹைத்தியில் எங்களுக்கு ஒன்றுதான். இல்லை என்றேன்.
"எல்லோருக்கும் அம்மா உண்டே" என்றார் குமாஸ்தா,
தலை நிமிராமல்.
உண்டு. சொன்னேன். எழுதிக்கொண்டார்.
அப்படித்தான் அம்மா என் பெயருக்குப் பின்னால் வந்து நின்றாள்,
விசா இல்லாமல்,
செத்து ஒன்பது வருடம் கழித்து.

காற்றைப் பற்றி யாராவது சொல்லியிருப்பார்கள்.
சொன்னது போதாது.
பலத்த காற்று நாளில் சதுக்கத்து ஓரம் கயிறு கட்டுவார்கள்.
முதல் தடவை பார்த்தபோது
யாரோ பெரிய மனிதர் வரப்போகிறார்,
நம்மைத் தள்ளி நிறுத்தத்தான் இது என்று நினைத்தேன்.
நான் பார்த்த கயிறெல்லாம் அதற்குத்தான்.
விலகி விலகி நடந்தேன்.
தெரு நடுவில் காற்று என்னை உட்கார வைத்தது.
பள்ளிச் சீருடையில் ஒரு பையன்
ஒரு கையில் கயிறும் மறுகையில் என் கோட்டுமாக
இழுத்துக்கொண்டே திட்டினான்.
என்ன திட்டினான் என்று
இரண்டு வருடம் கழித்து, பாத்திரம் துலக்கும்போது புரிந்தது:
பிடிச்சுக்கத்தானே கட்டியிருக்கு!

வசந்தத்தில் வெயில் சுடவில்லையே என்று ஏமாறாதே.
கன்னம் உரிந்த பிறகுதான் தெரியும்.
களிம்பு இரண்டாவது இழுப்பறையில், பாதி இருக்கிறது.
டிசம்பரில் இரவு பத்துக்கும் வெளிச்சம்,
பழுப்புப் போர்வையை ஜன்னலில் மாட்டு,
ஆணி அடித்தே இருக்கிறது (தனித்சாவிடம் சொல்லாதே).

கட்டிலுக்கடியில் பூட்ஸ், அளவு முப்பத்தெட்டு.
பெரிதானால் இரண்டு காலுறை.
சிறிதானால் எலியெசெர் வீட்டில் கொடு.
மாலையில் போ.

எனக்கு வடக்கே, பாலைவனத்துச் சுரங்க ஊரில்
சமையல் வேலை கிடைத்திருக்கிறது.
அங்கே மழையே கிடையாதாம்.
போகப்போகும் அறையில் எனக்கு ஏதாவது தாள் இருக்குமோ என்னவோ.

ஒன்று மறந்தேன்.
என் பெயருக்கு அரசாங்கக் கடிதம் ஒன்று வர வேண்டும்.
பெயர் தலைகீழாக இருக்கும்,
எஸ்திமே முன்னால், கெர்லின் பின்னால்,
கடைசியில் அம்மா.
அந்த ஆள் இங்கே இல்லை என்று திருப்பிவிடாதே.
வாங்கி வை.