ரொட்டிப் பை

இரவு இரண்டு மணிக்கும் திறந்திருக்கும் கவுண்ட்டர் இது.
சான் ஹோசே நகரத்தில் இந்நேரம்
நானும், மூலை மருந்துக்கடையும்,
பேருந்து நிலையத்துக் காப்பிக்காரியும்தான் விழித்திருப்போம்.

அரசியல் சாசன அமர்வுக்கு மனுப் போட
வக்கீல் வேண்டாம், முத்திரைத்தாள் வேண்டாம்.
எந்தக் காகிதத்திலும் எழுதலாம்.
வாங்கமாட்டேன் என்று சொல்லும் அதிகாரம் மட்டும்
எனக்குத் தரப்படவில்லை.

பதினோரு வருடத்தில் வாங்கியிருக்கிறேன்
லாட்டரிச் சீட்டின் முதுகை,
சிறையிலிருந்து வந்த சிகரெட் அட்டையை,
ஒரு சிறுமி கணக்கு நோட்டில் கிழித்த பக்கத்தை.
அதன் பின்பக்கம் ஏழாம் வாய்ப்பாடு.
ஏழெட்டு ஐம்பத்துநாலு என்றிருந்தது.
அதையும் திருத்தாமல்தான் கோப்பில் சேர்த்தேன்.

அன்றைக்கு வந்தவள் பெயர் யொர்லெனி பிகாதோ.
சிக்கீரெஸிலிருந்து கடைசிப் பேருந்து.
சுர்க்கீ சுரங்கத்துக்கு இந்தப்பக்கம் மண்சரிவு,
நாலு மணிநேரம் மழையில் நின்றதாம்.
அன்னாசித் தொழிற்சாலையில் தரம் பிரிக்கிறாள்.
"காய்க்கும் கனிக்கும் வித்தியாசம் தெரியலை,
மோந்து பார்த்துப் பிரிக்கிறேன்.
மேஸ்திரி கவனிக்க ஆரம்பிச்சுட்டான்."
இரண்டு கண்ணிலும் புரை.
அறுவைக்கு ஆஸ்பத்திரி தந்த தேதி
இன்னும் ஆறு வருடம் கழித்து,
ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஏழேகால்.
அந்தக் காலைத்தான் என்னால் பொறுக்கமுடியவில்லை.

மனு ஒரு ரொட்டிப் பையில் இருந்தது.
ஒவ்வோர் எழுத்தும் கட்டைவிரல் பெரிசு,
எழுதியவளுக்கே தெரிய வேண்டுமே.
மூக்கருகே பிடித்துப் படித்தேன்.
வெண்ணெய் பட்ட இடத்தில் பேனா வழுக்கிவிட்டது.
'எனக்கு' என்று ஒரு சொல்,
அப்புறம் எண்ணெய்,
அப்புறம் 'உண்டு.'
நடுவில் என்ன என்று நான் கேட்கவில்லை.

முத்திரை குத்தி எண் கொடுத்தேன்.
"எவ்வளவு?"
"ஒன்றுமில்லை."
"அப்ப, பிறகு யாருக்காவது?"
"யாருக்கும் இல்லை."
நம்பாமல்
கைப்பையைத் திறந்தபடியே நின்றாள் கொஞ்ச நேரம்.

அவளிடம் சொல்லாதது ஒன்று உண்டு.
என் இடது கண்ணிலும் புரை.
அதே ஆஸ்பத்திரி, அதே பட்டியல்.
அப்போது நான் இருநூற்றுப் பதினாறாவது ஆள்.

பத்தொன்பதாம் நாள் தீர்ப்பு வந்தது:
ஒரு மாதத்துக்குள் அறுவை செய்க.
ஏழு நீதிபதிகளின் கையெழுத்து.
அந்த வாரம் நான் இருநூற்றுப் பதினேழு ஆனேன்,
என் முத்திரை தொடங்கிவைத்த வேலை.

"நீயும் ஒன்று எழுதிப்போடேன்.
உன்னிடம் காகிதத்துக்கா பஞ்சம்?" என்கிறாள் ஓடிலியா.
பஞ்சமில்லை.
நான் எழுதினால் எனக்கு முன்னால் நிற்கும்
இருநூற்றுப் பதினாறு பேரும் ஓரடி பின்னால் போவார்கள்.
"அவங்களும் எழுதட்டுமே."
எழுதட்டும்தான்.
எல்லோரும் எழுதினால் பட்டியலுக்கே வெட்கம் வந்து
இன்னொரு டாக்டரைக் கொண்டுவரும் என்று
சில ராத்திரி நினைக்கிறேன்.
சில ராத்திரி, பட்டியலுக்கு ஏது வெட்கம் என்று.

ஏப்ரலில் ஒரே வாரத்தில் முப்பத்தெட்டு மனு.
எல்லாம் கண். ஒன்று மாவுச் சாக்கின் துண்டில்.
சனிக்கிழமையும் அறுவை அரங்கைத் திற என்றது நீதிமன்றம்.
முனகிக்கொண்டே திறந்தார்கள்.
இப்போது நான் நூற்றுத் தொண்ணூறு.
யாருடைய காகிதம் தள்ளிவிட்டது என்று தெரியாது.

போன வாரம் கவுண்ட்டருக்கு ஓர் அன்னாசிப்பழம் வந்தது.
பரிசு வாங்கக் கூடாது, சட்டம்.
படிவம் நிரப்பித் திருப்பியனுப்பக் கட்டும்போது
முள்ளிலைக்குள் செருகிய சீட்டைப் பார்த்தேன்.
எறும்பு ஊர்ந்த மாதிரிப் பொடி எழுத்து,
ஒரே நேர்க்கோட்டில்.
வலது கண்ணுக்கு மாற்றிப் பிடித்துப் படித்தேன்:

'பழம் திரும்பி வருமென்று தெரியும்.
சீட்டை வைத்துக்கொள்ளுங்கள்.
அன்றைக்கு நீங்களும் மூக்கருகே பிடித்துத்தான் படித்தீர்கள்.
மறுபக்கம் காலி.'

திருப்பிப் பார்த்தேன்.
காலிதான்.