மதிவாணனுக்கு ஆயிரத்து இருநூறு

தம்பி போய் ஒரு மணி நேரமாகிறது.
பேருந்து ஓட்டிய சீருடையோடு இன்னும் மேசையடியில்.
எதிரே ஒன்பது சிவப்பு உறைகள்,
சீனப் புத்தாண்டுக்கு வங்கியில் சும்மா கொடுத்தவை,
மேலே தங்க மீன்.
ஒரு மீனின் வாலில் ‘பல்’ என்று எழுதியிருக்கிறேன்,
ஒன்றில் ‘ஏர்கான் கழுவ’,
ஒன்றில் ‘ஹாட்யாய், ஹாலிமாவோடு’.
ஒன்றில் எதுவும் எழுதவில்லை.
அதுதான் எனக்குப் பிடித்த மீன்.

பணமெல்லாம் கைப்பேசிக்குள் இருக்கிறது, தெரியும்.
உறைக்குள் கிடப்பது துண்டுச்சீட்டு:
இதற்கு இவ்வளவு, இதற்கு இவ்வளவு.
காகிதத்தை வைத்துக் காற்றை எண்ணுகிறாய்
என்பாள் ஹாலிமா.
என்னட்டும்.
மூன்று வருடத்துக்கு முன் இதே மேசையில்
வந்த கடிதங்களைப் பிரிக்காமல் அடுக்கி
அதன்மேல் பழத்தட்டை வைத்தவள் நான்.
கடனட்டைக் கடிதத்துக்கு
ஒரு வாசனை உண்டு.
கனிந்துபோன வாழைப்பழ வாசனை.

எட்டாயிரம் குறைகிறதாம் மதிவாணனுக்கு.
வேனின் உரிமம் ஆகஸ்டில் முடிகிறது,
புதுப்பித்தால் இன்னும் ஐந்து வருடம் ஓடும்,
மாசம் ஐந்நூறு கையில் வச்சிடுவேன் அக்கா.
நல்லவன். பொய் சொல்லத் தெரியாது.
பொய் சொல்வது அவன் கணக்கு.
டீசல்? கேட்டேன்.
வண்டி நிறுத்த? காப்புறுதி?
ஆர்டர் வராத வாரம்?
“அதெல்லாம் பாத்துக்கலாம்.”
அந்த ‘அதெல்லாம்’ மாதம் அறுநூற்றுச் சொச்சம் வெள்ளி.
அவன் கோப்பி குடித்து முடிப்பதற்குள்
மின்கட்டணச் சீட்டின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்துவிட்டேன்.

தேக்காவில் ஒரு மளிகைக் கடைப் பலகை,
கடன் அன்பை முறிக்கும்.
கஞ்சன், என்று நினைப்பேன் பள்ளிக்கூட நாளில்.
இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.
பலகை மட்டும் தப்பில்லை.

வேறொரு கணக்கு போட்டேன்.
அது திரும்பி வராவிட்டால்
எவ்வளவு வரைக்கும் நான் அவனுக்கு அக்கா?
எட்டாயிரம்:
அவன் புதுச் செருப்பின் விலையைப் பார்ப்பேன்.
மூவாயிரம்:
அவன் மகளின் பிறந்தநாளில்
கேக் எத்தனை அடுக்கு என்று எண்ணுவேன்.
இரண்டாயிரத்தில் தடுமாறினேன், எழுந்து
ஜன்னல்வரை போய் வந்தேன்.
எதிர் புளோக்கில் யாரோ இந்நேரத்தில் மீன் பொரிக்கிறார்கள்.
ஆயிரத்து இருநூறு.
ம்.
அது வராவிட்டால் தூங்கிவிடுவேன்.

எழுதாத மீனிலிருந்து எழுநூறு,
ஹாட்யாயிலிருந்து ஐந்நூறு.
(ஹாலிமாவிடம் எப்படிச் சொல்வது, நாளைய பாடு.)
ஆறு மாதச் செலவுக்கென்று ஒதுக்கியதைத் தொடவில்லை.
வேலைக்குச் சேர்ந்த வருடம்
சிவப்பு விளக்கில், மழையில்,
கண்ணாடியைத் தட்டினான் என்று ஒருவனுக்குக் கதவு திறந்தேன்.
எச்சரிக்கைக் கடிதம் வந்தது.
அன்று அழுதேன்.
இப்போது யார் தட்டினாலும்
அடுத்த நிறுத்தத்தை விரலால் காட்டுகிறேன்.
வெறுப்பு ஒன்றும் இல்லை அதில்.

தட்டச்சு செய்தேன்:
தம்பி, மன்னித்துக்கொள், எட்டாயிரம் முடியாது.
‘மன்னித்துக்கொள்’ளை அழித்தேன்.
திரும்பச் சேர்த்தேன்.
அழித்தேன்.
இது ஆயிரத்து இருநூறு. கடனில்லை.
மீதிக்கு வங்கியில் கேள், போகிற அன்று நானும் வருகிறேன்,
‘அதெல்லாம்’ என்னவென்று எழுதிக்கொண்டு வா.
பணத்தை அனுப்பும் முன்
நிச்சயம்தானா என்று திரை கேட்டது.
என்னிடம் இதைக் கேட்கிற ஒரே ஆள் இதுதான்.

இரண்டு நீலக் கோடுகள்.
பார்த்துவிட்டான். பதிலில்லை.
ஐந்து நிமிடம். பதினைந்து.
கோபமாக இருக்கலாம், குளித்துக்கொண்டிருக்கலாம்.

நாளை நாலே காலுக்கு எழ வேண்டும்.
‘பல்’ மீனை எடுத்தேன்.
நாக்கால் தடவிப் பார்த்தேன், கீழ்வரிசை, இடது பக்கம்.
போன ஏப்ரலிலிருந்து அந்தப் பக்கம் மெல்லுவதில்லை.
திங்கட்கிழமை, மூன்றரை மணிக்கு,
ஈசூனில் ஓர் இடம் காலியாக இருந்தது.
போட்டுவிட்டேன்.